இரண்டும் இடது கை

தையல் கடையில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். துணி வெட்டுகிறவள் என்பது பாதிக் காரணம், வாய்த்துடுக்கு மீதி. அந்த வாய் ஒரு வருடமாக அடங்கிக் கிடந்தது.

மூட்டுவாதம் அவளுக்குப் பழைய விருந்தாளி. காலையில் விரல்கள் மடங்கியே கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கெஞ்சினால்தான் நிமிரும். சட்டைப் பொத்தானைக் கணவர்தான் மாட்டிவிடுவார். பஸ் ஓட்டுகிற மனுஷன். பேசினால் டீசல் தீர்ந்துவிடும் என்பதுபோல வாயைத் திறக்கமாட்டார். இந்த நோயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று உண்டு. சில நாள் விரல் சொன்னபடி கேட்கும். ஆனால் எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருக்கும். யாராவது கதவைத் தட்டினால்கூட அழுகை வரும். கேட்டால் "வலி" என்பாள். வலி என்றால் மதிக்கிறார்கள். இதைச் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? வெட்டுமேசை முன்னால் நிற்கும்போதுதான் அவள் கொஞ்சமாவது அவளாக இருந்தாள்.

அன்று ஒரு கோட்டு. துணியை மடித்து வெட்டினால் வலது கை, இடது கை இரண்டும் தானாக வந்துவிடும். துணி பற்றாததால் ஒற்றையாக விரித்து வெட்டினாள். இரண்டாவது கைக்குக் காகித அச்சைத் திருப்பிப் போட வேண்டும். போடவில்லை. இரண்டுமே இடது கை.

முதலாளியம்மா எடுத்துப் பார்த்தாள். "பாவம், விரல் ரொம்பப் படுத்துதா?"

தலையை ஆட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

"விரல் இன்னைக்கு நல்லாத்தான் இருக்குக்கா. மனசுதான் எதுலயும் நிக்கமாட்டேங்குது. ரொம்ப நாளாவே இப்படித்தான்."

முதலாளியம்மா மிச்சத் துணியைப் புரட்டினாள். "ஒட்டுப் போட்டா ஒரு வலது கை தேறும். அக்குள்ல எவன் பாக்கப் போறான்? இனிமே முடியாத நாள்ல லேட்டா வா. அச்சு வச்சதும் கூப்பிடு, நான் ஒரு தடவ பாக்குறேன், அப்புறம் வெட்டு. இத அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இரவு கணவர் வழக்கம்போலத் தைலப் புட்டியோடு வந்தார். "கை எப்படி?"

"கை பரவாயில்லங்க. மனசுதான் சரியில்ல."

அவர் புட்டியைத் திறந்தபடியே யோசித்தார்.

"அதுக்கு எங்க தேய்க்கணும்?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

"தேய்க்க முடியாதுங்க. டாக்டர்கிட்டதான் சொல்லணும்."

"சரி, சேர்ந்தே போவோம். அதுவரைக்கும் எங்கிட்ட சொல்லு."

புட்டியை மூடி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கத்திரி வாயைத் திறந்தாள். சாப்பாடு ஆறிப்போனது; அவர் எழுந்திருக்கவே இல்லை.