வெள்ளிக்கிழமையே புறப்பட்டுவிட்ட என் பை

ராயக்கோட்டை மலைக்கோட்டைக்குப் போகலாம் என்று சொன்னது சாட்சாத் நான்தான். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஓசூரில் புளி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பாட்டின் நடுவே, "ஞாயித்துக்கெழம கோட்டைக்குப் போறோம். சுல்தான் ஆளுங்களும் வெள்ளக்காரனும் பீரங்கி வெச்சு அடிச்சுக்கிட்ட எடம்!" என்று அறிவித்தேன். ரசம் ஊற்றவந்த மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏறிய பஸ்ஸெல்லாம் சிங்காரப்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஞாயிறு வர இன்னும் எத்தனையோ நாள் இருக்க, அன்று சாயங்காலமே புளிச்சோற்றுக்கு மிளகாய் கிள்ள உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சவரக்கடையில் இந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் கேட்டார்:

"அங்கயா போறீங்கண்ணா? உச்சி வெயில்ல செத்த சிப்பாய்ங்க வரிசையா நடப்பாங்கன்றாங்களே?"

"எந்தப் பக்கத்துச் சிப்பாய்ங்க?"

"ரெண்டு பக்கமும்தான். செத்தப்பறம் இன்னாண்ணா பக்கம்?"

பாதி முகத்தில் சோப்போடு யோசித்தேன். சுல்தான் ஆள் வந்தால் கன்னடத்தில் கெஞ்சலாம், தெலுங்கில் காலில் விழலாம். வெள்ளைக்காரப் பேய் வந்தால்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தேங்க்யூ' ஒன்றுதான். கழுத்தைப் பிடிக்கிறவனிடம் அதையா சொல்வது?

பஞ்சாங்கம் கைகொடுத்தது. ஞாயிறு எனக்குச் சந்திராஷ்டமம்! துக்க முகத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "கெரகத்தப் பாரு புள்ள, அன்னிக்கு நான் பொறப்பட்டா ஆகாதாம்." அவள் மிளகாய்த் தட்டைப் பார்த்தபடி "சரிங்க" என்றாள். சந்தோஷத்தில் இன்னொரு தம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்து வெற்றிலைப் பெட்டியைத் தேடினால் இல்லை. நல்ல வேட்டி இல்லை. பையே இல்லை.

"காலையில பரஸ்தானம் பண்ணியாச்சுங்க" என்றாள்.

புறப்படும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல வேளையில் பையை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பை கிளம்பினால் ஆள் கிளம்பிய மாதிரி. போய்வராமல் பை வீடு திரும்பக் கூடாது.

பை போய் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் ஓடினேன். "வெத்தலப் பொட்டிய மட்டும்..."

"ஐயோ, ஊருக்குப் போனவரு நடுவுல வரலாமா? அபசகுனா!" கதவைச் சாத்திவிட்டார்.

அதிலிருந்து நான் வீட்டில் இருந்தேன். ஆனால் ஊரில் இல்லை. தெருவே விசாரித்தது: "எப்ப வந்தீங்க? கோட்டையில வெயில் எப்பிடி?"

சனிக்கிழமை சாயங்காலம், வெற்றிலை காணாத வாய் உண்மையைக் கக்கியது. "அங்க வெள்ளக்காரப் பேய் இருக்குதாம் புள்ள. எனக்கு இங்கிலீஷ் வராது."

புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "எந்தப் பேய் வந்தாலும் நான் பேசிக்கறேன். இத்தினி வருசமா உங்ககிட்ட பேசல?"

ஞாயிறு காலை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். என் மடியில் பை, வாய் நிறைய வெற்றிலை. மலை தெரிந்ததும் கையை வெளியே நீட்டி, "அதுதானுங்களா? அதுதானுங்களா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அதேதான்" என்றேன். பிறகு யாருக்கும் கேட்காமல் 'தேங்க்யூ'வை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.