நாலு நாள் புகை

அந்த மாசி மாதம் நான் இரண்டு தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோட்டத்துடையது. மற்றது என்னுடையது. தோட்டத்துத் தீ புகைக்கூட்டுக்குள் எரிந்தது. ரப்பர்ப் பாலை உறைய வைத்து, மிஷினில் தட்டையான ஷீட்டாக்கி, மூங்கில் கழிகளில் துணி போல் தொங்கவிட்டு, நாலு நாள் புகை காட்டுவோம். வெள்ளையாய்த் தொங்கியது தேன் நிறத்துக்கு வரும்வரை அடியில் தீ அணையவும் கூடாது, சுடர் விடவும் கூடாது. புகைந்துகொண்டே இருக்க வேண்டும். என் கண்ணும் அப்படித்தான் இருந்தது அந்த நாட்களில். அழுததா, புகையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

நிவித்திகலைக்கு மேலே மலை முழுதும் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து எலும்பாய் நின்றன. பால் வரத்து குறைந்துவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆறு வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் கிடந்தார்கள். என் வீட்டில் என் மனைவி.

மூன்றாம் முறையாக வந்த காய்ச்சல் அவளை விட்டுப் போனபோது பசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாள். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். கருவாடு சுட்டுப் பார்த்தேன். முட்டை அவித்துப் பார்த்தேன். மாவனல்லையிலிருந்து வந்து கடைவீதியில் கடை போட்டிருந்த முதலாளி தகர டின்னைத் திறந்து பிஸ்கட் நாலு எடுத்துக் கொடுத்தார், "தண்ணில நனைச்சுக் குடுங்க, எறங்கும்" என்று. நனைத்துக் கொடுத்தேன். வாசல்வரை போய்த் துப்பினாள்.

"எல்லாம் கசக்குதுங்க. தண்ணியும் கசக்குது."

தோட்டத்து மருந்துக்காரர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"காச்சலுக்குக் கொயினா நான் குடுக்கலாம். சோத்த நீதான் குடுக்கணும். வெறும் வயித்துல இந்த மருந்து இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது. ஆள் தாங்காது."

அவர் போன பிறகு நான் லயத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் தோட்டத்து எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமத்திலிருந்து என் சிநேகிதன் வந்தான். என் வயதுதான் அவனுக்கும். அவனுடைய மரவள்ளித் தோட்டத்துக்கு வேலி கட்ட ஒருநாள் கைகொடுத்திருந்தேன். அந்த வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்த காட்டுப்பன்றி கயிறு இடறினால் தானாக வெடிக்கும்படி அவன் வைத்திருந்த கட்டுத்துவக்கில் சிக்கிவிட்டது. முன்னந்தொடை ஒன்றைச் சேம்பிலையில் பொதிந்து எனக்குக் கொண்டுவந்தான். பொட்டலத்தின் மேலே ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பு ஆணியும். இறைச்சியை வழியில் கொண்டுபோகும்போது பேய் தொடாமலிருக்க நாங்களும் அப்படித்தான் வைப்போம், அவர்களும் அப்படித்தான்.

"வல் ஊரா மஸ், மச்சான். காட்டுப்பண்டி. உன் நோனா சாப்பிடுறா இல்ல எண்டு கேட்டேன். இது சுட்டுக் குடு."

"இவ்வளவும் ஒரு நாளைக்குத் திங்க முடியாதே."

"மிச்சத்துக்கு உப்பு, மிளகு, கொரக்காப் புளி. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்க விடு. கீழே எரிக்கக் காஞ்ச கொப்பு, தேங்காச் சிரட்டை. ரப்பர் தர எப்பா."

ரப்பர் விறகு வேண்டாம் என்றான். நான் சிரித்தேன். காலை முதல் மாலை வரை புகையிலேயே நிற்கிறவன் நான். என்னிடம் வந்து புகையைப் பற்றிச் சொல்கிறானே என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டேன்.

முதலில் சுட்டேன். அது நன்றாக வந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். சதையை விரல் நீளத்துக்கு வாரி, மஞ்சளும் மிளகும் உப்பும் பிசைந்து, லயத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டினேன். சிரட்டைக் கரி கனன்று சாம்பல் பூத்த பிறகு, தோட்டத்து ஸ்டோரில் கழித்துப் போட்ட கம்பிவலையை மேலே வைத்தேன். கொழுப்புத் துளி கங்கில் விழுந்து சீறியது. ஓரம் சுருண்டது. தோல் குமிழ் விட்டு வெடித்தது. மலைச்சரிவு முழுக்க அந்த வாசம் ஏறியது. வெறும் மரங்கள், இலையில்லாத வெயில், அதன் நடுவே இப்படி ஒரு வாசம். எனக்கே வயிறு கூச்சலிட்டது.

"என்னங்க அது?"

உள்ளிருந்து அவள் குரல். பல நாட்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி. நான் துண்டுகளைப் புரட்டிப் போட்டேன். பதில் சொன்னால் அந்த ஆசை போய்விடும் என்று பயம். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பின்வாசல் படியில் கம்பளியோடு உட்கார்ந்தாள். ஒரு துண்டை ஊதி ஊதிக் கொடுத்தேன். மென்றாள். இரண்டாவதையும் மென்றாள். மூன்றாவதை அவளே வலையிலிருந்து எடுத்தாள்.

"உப்புப் பத்தல" என்றாள்.

நான் தீயைக் கிளறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள், இடுப்பில் கையோடு. அவள் புருஷன் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர். விரதக் காப்புக் கட்டியிருந்தார், மீசையும் எடுத்தாயிற்று. கூத்து முடியும்வரை கவிச்சி ஆகாது.

"அண்ணே, காச்சக்காரிக்குப் பன்னியா குடுப்பாங்க? அதுவும் காப்புக் கட்டின வீட்டுக்குப் பக்கத்துல?"

"மூணு துண்டு தின்னுட்டா, தங்கச்சி. இத்தன நாளைக்கு அப்புறம்."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கை இறங்கியது. "சரி, திங்கட்டும். ஆனா பொக எங்க பக்கம் வராமப் பாத்துக்குங்க. அந்த மனுசன் உள்ள உக்காந்து மூக்கப் பொத்திக்கிட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து ரதியின் கனத்த குரல் வந்தது: "மூக்கப் பொத்தல புள்ள. வாயத்தான் பொத்திக்கிட்டு இருக்கேன்."

என் மனைவியின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அசைந்தது.

மிச்சத் தொடையை வைத்து நான் போட்ட கணக்கு எளிது. தினம் மூன்று துண்டு. இரண்டு வாரம். அதற்குள் அவள் எழுந்துவிடுவாள். ஆகவே அது கெடக்கூடாது, பக்கத்து வீட்டுக்குப் புகையும் போகக்கூடாது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பின்னால் கொய்யா மரத்தடியில் மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி நிமிர்த்தி ஆளுயரத்தில் ஒரு கூடு கட்டினேன். இண்டு இடுக்கெல்லாம் நனைந்த சாக்கால் அடைத்தேன். உப்பும் கொரக்காவும் தடவிய இறைச்சிக் கீற்றுகளை மூங்கில் கழியில் ஷீட்டு போலவே ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டேன். அடியில் பச்சை ரப்பர் விறகு. சுடர் தெரிந்தால் தண்ணீர் தெளித்தேன்.

நாலு நாள். புகைக்கூட்டில் ஒரு முறை விறகு தள்ளிவிட்டு மலையேறி ஓடி வருவேன். இங்கே ஒரு முறை தள்ளுவேன். மறுபடி இறங்குவேன். எங்கே இருமுகிறேன், எந்தத் தீக்காக இருமுகிறேன் என்று தெரியாமல் இருமினேன். இடையில் அவள் மறுபடி கம்பளிக்குள் போய்விட்டாள். கஞ்சியை நீட்டினால், "அந்தக் கறி இருந்தா குடுங்க" என்பாள். "வியாழக்கிழமை" என்பேன். "புகையுது, பொறு."

இப்போது எழுதும்போது இது எனக்கே நம்ப முடியவில்லை. சுட்டுக் கொடுத்ததைத் தின்றவளுக்கு மறுநாளும் சுட்டே கொடுத்திருக்கலாம். கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னேன். நாலு நாள் தொங்கினால்தான் ஷீட்டு தேறும் என்று என் உடம்பு பழகியிருந்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பால் குறைவென்று வியாழன் நண்பகலோடு என்னை விட்டுவிட்டார்கள். சாக்கை விலக்கினேன். அழகாக இருந்தது. தேன் நிறம், பளபளப்பு. ஒரு கீற்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஷீட்டை அப்படித்தான் பார்ப்போம், உள்ளே வெள்ளை தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். வெள்ளை தெரியவில்லை. முதல் தரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு கடித்தேன்.

தார். பச்சை மரத்தின் பாலும் அடைபட்ட புகையும் சேர்ந்து கொழுப்பில் ஊறி, நாக்கில் பசைபோல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கீற்று. அதுவும் அப்படித்தான். எல்லாவற்றையும் கடித்துப் பார்த்தேன். பிறகு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ஒரு காரணமும் இருப்பதாகத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் பின்வாசலில் நின்றாள்.

"வியாழக்கிழமை ஆச்சுல்ல?"

"கெட்டுப்போச்சு புள்ள. நான் கெடுத்துட்டேன்."

அவள் மெதுவாக இறங்கி வந்தாள். ஒரு கீற்றை வாங்கி மோந்து பார்த்தாள். நுனியைக் கடித்தாள். மென்றாள், மென்றாள், என்னைப் பார்த்தபடியே மென்றாள்.

"இத ஏன் எனக்குக் குடுக்குறீங்க? பொட்டியில அடுக்கிச் சீமைக்கு அனுப்புங்க. மோட்டார்க் காருக்குச் சக்கரம் போடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். ஆனால் கீற்றைத் துப்பவில்லை.

"கத்திய எடுங்க" என்றாள்.

அடுப்பு முன்னால் அவள் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. காய்ச்சலில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கீற்றிலும் மேல்தோலைச் சீவித் தள்ளினாள். சீவியதே பாதிக்கு மேல். உள்சதையை அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி வடித்தாள். கைக்கு ஓய்வு வேண்டியபோது என்னைப் பார்ப்பாள், நான் பானையை இறக்குவேன். மூன்றாம் தடவை கொரக்காவும் மிளகும் போட்டு வற்ற விட்டாள். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. தொடை முழுதும் போய் ஒரு சிறிய சட்டியளவு மிஞ்சியது, கறுப்பாக.

கஞ்சியை ஊற்றி, அதில் இரண்டு துண்டு போட்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கசக்குதா?"

"கசக்குது." விழுங்கினாள். முகம் கோணியது. "கொயினாவுக்கு இது தேவல."

நான் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கசந்தது. இருவரும் மென்றோம். தாடை வலித்தது. கஞ்சிக் கோப்பை காலியானதை நான்தான் முதலில் பார்த்தேன். சட்டியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"இன்னும் ரெண்டு போடவா?"

"நாளைக்கு" என்று சொல்லி, சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்து, அதற்கு மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள். பிறகு அடுப்பங்கரையிலேயே, தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொண்டாள். கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, அடுப்புத் தீயை அணைக்கலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன்.