கடைசிக்கு ஒரு படி மேலே

என் தம்பி ஜப்பானில் கால்பந்து ஆடுகிறான். மூன்றாம் டிவிஷன். கடலோரத்துச் சின்ன ஊர், சின்ன கிளப். அவன் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அங்கே அவன் ஆடிய முதல் சீசனை யாங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் அப்பாவும் ஃபோனில் பார்த்தோம். அங்கே மதிய ஆட்டம் என்றால் இங்கே சமையல் நேரம். தண்ணீர்ச் செம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வர்ணனையைத் தமிழில் சொல்வேன். நான் ஜப்பானிய மொழி ஆசிரியை. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். அப்பா போட்டாதாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

வர்ணனையாளர் தம்பியின் பெயரை நடுநடுவே உயிரெழுத்து சேர்த்து நீட்டிச் சொல்வார். "நம்ம பையன் பேரை ரயில் பெட்டி மாதிரி இழுக்கிறானே" என்று அப்பா சிரிப்பார்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் உயரமாக வந்த பந்துக்குத் தம்பியும் கோல்கீப்பரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மோதி விழுந்தார்கள். பந்து தானாக உருண்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. அடுத்த வாரம் தம்பி பெஞ்சில். அதற்கடுத்த வாரமும் பெஞ்ச். அணி கடைசி இடத்துக்கு இறங்கியது. கடைசி இடத்திலேயே முடித்தால் அமெச்சூர் லீக்குக்குப் போக வேண்டும்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன்க்கா. சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து வந்துடுச்சு."

என்ன சொன்னான் என்று கேட்டேன். சொல்லிக் காட்டினான். மன்னிப்புக் கேட்டு, பணிவு விகுதி போட்டு, பாடப்புத்தகத்தில் இருக்கிற முழு வாக்கியம்! மாமனார் வீட்டு விருந்தில் பேச வேண்டியதை மைதானத்தில் பேசியிருக்கிறான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் அவனுக்கு ஃபோனில் பாடம். மரியாதையெல்லாம் கழற்றிவிட்டோம். பின்னால் ஆள், திரும்பு, விடு, இறங்கு: எல்லாம் ஒரே மூச்சில் வரவேண்டும். "மக்கசெரோ" என்றால் என்னிடம் விடு. அதை அவன் கத்தவேண்டும், நான் போதாது போதாது என்பேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "கப்பல்காரனைக் கூப்பிடற மாதிரிக் கத்துடா" என்பார். மழைக்காலம் பாதி போனபோது பயிற்சியாளர் அவனை மறுபடி இறக்கினார். அணி மெல்ல மெல்லச் சமன் செய்யப் பழகியது. இடையிடையே ஜெயித்தது.

கடைசி ஆட்டத்தன்று காலையிலேயே எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. எதிர் டீக்கடையில் பேட்டரி உண்டு. ஊலே என்று நாங்கள் கூப்பிடும் பர்மியக் கடைக்காரர், இங்கிலாந்து லீக்கைத் தவிர வேறெதையும் அங்கே போடமாட்டார். அன்று எங்கள் ஃபோனை வாங்கித் தானே டிவியில் இணைத்தார். "சயாமா, நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம்" என்றார். ஆசிரியை என்று அவர் கூப்பிடுகிற விதம் அது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பர்மியில் கடைக்கும் தமிழில் அப்பாவுக்குமாகச் சொன்னேன்.

கடைசி இடத்திலிருந்து தப்பச் சமன் செய்தால் போதும். ஆனால் எதிரணி முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் தம்பி இடது ஓரமாக ஓடி ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். எங்கள் முன்னாட்டக்காரர் தலையால் முட்டினார். கோல்! அப்பாவின் டீ ஊலேயின் லுங்கி மேல் கொட்டியது, ஊலே அதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு எதிரணி விடாமல் தாக்கியது. கடைசி நிமிடத்தில் கோல் முன்னால் பந்து உயரமாக வந்தது. சின்ன மைதானம், மைக்கில் எல்லாம் கேட்கும். "மக்கசெரோ!" தம்பியின் குரல். கோல்கீப்பர் அப்படியே நின்றுவிட்டார். தம்பி எகிறிப் பந்தை வெளியே தள்ளினான். விசில் ஊதியது. நான் மொழிபெயர்க்க மறந்துபோனேன். யாரும் கேட்கவும் இல்லை.

மைதானத்தோரம் தம்பியிடம் மைக்கை நீட்டினார்கள். அவன் பணிவாக, பிழையில்லாமல், ஜப்பானிய மொழியில் ரசிகர்களுக்கு நன்றி சொன்னான். உங்கள் மொழியிலும் ஏதாவது சொல்லுங்கள் என்றார் பேட்டியாளர். முதலில் பர்மியில் ஒரு வணக்கம் சொன்னான். பிறகு கேமராவைப் பார்த்து, "அப்பா, நாங்க இறங்கல. இங்கயேதான் இருக்கோம்" என்றான் தமிழில்.

அப்பா எழுந்து நின்று, "சரிப்பா" என்று டிவிக்குப் பதில் சொன்னார்.

மறுநாள் லான்மடாவ் சந்தையில் அவரோடு பருப்பு வாங்கப் போனேன். பருப்புக் கடைக்காரர், "உங்க மகன் டீம் எத்தனையாவதா வந்துச்சு?" என்று கேட்டார்.

"கடைசிக்கு ஒண்ணு மேல" என்றார் அப்பா, கோப்பையே வாங்கிவிட்ட மாதிரி. பிறகு அந்தப் பந்தைத் தம்பி எப்படி எகிறித் தள்ளினான் என்று பருப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று காட்டத் தொடங்கினார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவசரப்படுத்தவில்லை.