அழகில்லாதவன் என்று ஒரு ரஷ்யப் பெயர்

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தவழத் தொடங்கும் முன்பே இறந்துபோனார்கள். அதனால் ஆத்தா, அதாவது என் அம்மா, நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இது எதற்கும் ஆகாத பிள்ளை என்று எமன் விட்டுவிட வேண்டுமாம். அதற்கேற்பக் குப்பை என்று பொருள்படும் பெயரையும் வைத்தாள்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்வரிசை சிரிக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் கொடும்பாளூர்ப் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்ததும், கெஜட்டில் பெயரை மாற்ற விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மூவர் கோயிலைப் பார்க்க ஒரு ரஷ்யர் ஜீப்பில் வந்தார். தன் நாட்டிலேயே தமிழ் படித்தவர். கல்வெட்டு படிப்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டென்று தலைமையாசிரியர் என்னைத் துணைக்கு அனுப்பினார். மூன்றில் இன்னும் நிற்கிற இரண்டு கோயில்களையும் சுற்றிவிட்டு, இடிந்துபோன மூன்றாவதின் அடித்தளத்தில் உட்கார்ந்தோம்.

"தங்கள் பெயர் யாது?" என்றார், நோட்டைத் திறந்துகொண்டே.

முணுமுணுத்தேன்.

"அதன் பொருள்?"

வேறு வழியில்லாமல் குப்பைமேட்டையும் தவிட்டையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் துள்ளி எழுந்துவிட்டார்.

"நெக்ராஸ்!" என்று கத்தினார். "நெக்ராஸ்!"

பாம்பைக் கண்டுவிட்டாரோ என்று ஜீப் டிரைவர் கம்போடு ஓடிவந்தார்.

அது ஆண்களுக்கு வைத்த பழைய ரஷ்யப் பெயராம். இப்போது யாரும் வைப்பதில்லையாம். 'நெ' என்றால் இல்லை, 'க்ராஸா' என்றால் அழகு. அழகில்லாதவன். பிள்ளைமேல் கண் பட்டுவிடக் கூடாது, கெட்டது எதுவும் நெருங்கக் கூடாது என்று பெற்றவர்களே அப்படி வைப்பார்களாம்.

"என் முன்னோர் ஒருவரின் பெயர் அது. எங்கள் குடும்பப் பெயரே அவரிடமிருந்து வந்தது!" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் கம்பைக் கீழே போட்டார். "எங்க அண்ணன் பேரும் அந்த மாதிரி வச்சதுதாங்க. மூணு வீட்டுல பிச்சை எடுத்து வச்சாக!"

ரஷ்யர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பேசியதில் வெயில் ஏறியதே தெரியவில்லை.

ஜீப் கிளம்பியதும் சைக்கிளை மிதித்து நேராக ஆத்தாவிடம் போனேன். புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. "அங்கிட்டும் புள்ளைக செத்துச்சாடா?"

"ஆமா ஆத்தா."

"அந்தப் பேரு வச்ச புள்ளை பொழச்சுச்சா?"

"பொழைக்காமயா? அவரு வம்சத்து ஆளுதான் இன்னைக்கு வந்தாரு!"

ஆத்தா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேர் மாற்றுகிற யோசனையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "ஏன் சார்?" என்ற தலைமையாசிரியரை உட்காரவைத்து, மணி அடிக்கும்வரை நெக்ராஸ் கதையைச் சொன்னேன்.

ஆத்தா என்னை முந்திக்கொண்டாள். அதற்குள் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.