கரண்டிக்கு வந்த விரால்

எங்கள் வீட்டில் எவர்சில்வர் கரண்டிகள் ஆறு உண்டு. சாம்பார் ஊற்றுகிற கரண்டி அல்ல, உப்புமா சாப்பிடுகிற சின்னக் கரண்டி. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. அதில் ஒன்றுக்குக் காம்பு கிடையாது, இரண்டு முனையிலும் ஓட்டை வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்பார்கள். நான் சொல்லத் தொடங்கினால் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து மீனைச் சின்னதாக்கிவிடுவார். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் எனக்கு டீச்சர் வேலை. அவருக்கு மலைக்குக் கீழே திருப்பத்தூரில் உரக்கடையில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாளுக்கு ஒரே ஒரு பஸ். மதியம் திருப்பத்தூரில் கிளம்பி மூன்று மணிக்கு எங்கள் ஊர் புளியமரத்தடியில் வந்து நிற்கும். டிரைவர் டீ குடித்ததும் திரும்பி இறங்கிவிடும். சனிக்கிழமை அதில் வந்து ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடுவார்.

அந்த ஆடி மாதத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடம் காலியானது. உடனே மாற்றல் விண்ணப்பத் தாள் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் தானே நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அங்கே போனால் ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் நான் பத்தாவது ஆள். நல்லவர்கள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே என் வீடு, என் சாவி, என் பிள்ளைகள். ஜன்னலைத் திறந்தால் குளிர் காற்று. வாழ்க்கையில் முதல் முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதே இங்கேதான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"இந்த மலைல இன்னா கெடைக்குது? வாய்க்கு ருசியா ஒரு மீன் உண்டா?" என்றார்.

"ஏரில வெரா மீன் இருக்குதுங்க."

"இருக்குது, சரி. யார் புடிச்சித் தர்றது?"

"நான் புடிக்கிறேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ உன் கையால ஒரு வெரா புடிச்சு, ரெண்டு பேர் சாப்புடற மாதிரி கொழம்பு வச்சிப் போடு. இந்தத் தாளை அப்பவே கிழிச்சிப் போடறேன். இல்லன்னா கையெழுத்து." தாள் ஆபீசுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் கெடு. கெடு முடிகிற திங்களுக்கு முந்தின சனிக்கிழமைக்குள் குழம்பு தட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு. நான் அதுவரை தூண்டிலைக் கையில் தொட்டதுகூட இல்லை.

முதல் வாரம் கரையில் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போட்டேன். விரல் நீளத்துக்குக் கெண்டைப் பொடிகள் வந்தன. அவற்றை வறுத்து வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மீனா, ஊசியா?" என்றார்.

இரண்டாவது வாரம் ரோடு வேலைக்கு வந்திருந்த ஓவர்சியர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் சொன்னது காதில் விழுந்தது. பெரிய அணைகளில் படகுக்குப் பின்னால் நீளமாகத் தூண்டில் நரம்பு விட்டு, அதன் முனையில் பளபளவென்று ஒரு கரண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டே போவார்களாம். கரண்டி தண்ணீருக்குள் சுழலும். அடிபட்ட குஞ்சு மீன் ஓடுகிறது என்று நினைத்து விரால் பாய்ந்து கவ்வுமாம். புழு வேண்டாம், உட்கார்ந்து காத்திருக்கவும் வேண்டாம். பொறுமை இல்லாத எனக்கென்றே கண்டுபிடித்த வித்தை என்று தோன்றியது.

ஏருக்குக் கொழு அடிக்கிற கொல்லரிடம் ஒரு கரண்டியைக் கொண்டுபோனேன். "நல்ல கரண்டியம்மா இது" என்று அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு காம்பை வெட்டி ஓட்டை போட்டுக் கொடுத்தார். இரண்டு தூண்டில் முள்ளை முதுகோடு முதுகு சேர்த்துக் கம்பியால் கட்டி ஒரு ஓட்டையில் மாட்டினேன். நைலான் நரம்பைக் காலி பவுடர் டப்பாவில் சுற்றிக்கொண்டேன். பாக்கி இருந்தது படகு.

படகு என்று எதுவும் அங்கே இல்லை. ஒரு மூங்கில் தெப்பம் இருந்தது, எதிர் வீட்டு அக்காவுடையது. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் எனக்கு அக்கா, அவளுக்கு நான் டீச்சரு. அவளுடைய சாமைக் கொல்லை ஏரிக்கு அக்கரையில். கழி ஊன்றித் தினமும் போய் வருவாள். எப்படியும் போகிற தெப்பம்தானே, பின்னால் நானும் என் கரண்டியும் வந்தால் என்ன என்று கேட்டேன். அவள் கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீனுக்குச் சோறு போடாம வெறும் கரண்டியக் காட்டப் போறியா, டீச்சரு? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

முதல் நாள் நான் பிடித்தவை: ஏரிப்பாசி இரண்டு கூடை, ஒரு முள்மரக் கிளை, எருமை அறுத்துக்கொண்டு போன பழைய கயிறு, கடைசியாக அக்காவின் முந்தானை. இரண்டாம் நாள் நரம்பு முழுக்க முறுக்கேறி, சிக்கெடுக்கவே பொழுது போய்விட்டது. கரண்டி சுற்றச் சுற்ற நரம்பும் சேர்ந்து சுற்றுகிறது என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. என் சாவிக்கொத்துச் சங்கிலியில் தனியாகச் சுழலுகிற ஒரு வளையம் உண்டு. அதைக் கழற்றி நரம்புக்கும் கரண்டிக்கும் நடுவில் போட்டேன். கரண்டி தன்பாட்டுக்குச் சுற்றியது, நரம்பு அமைதியாக வந்தது. நான் தெப்பத்தில் குதித்தேன். "குதிக்காத டீச்சரு, மூங்கில் கட்டு வுட்டுக்கும்!" என்று அக்கா கத்தினாள்.

அப்புறம் வேகம். அவள் மெதுவாகத் தள்ளினால் கரண்டி பாசிக்குள் இறங்கிவிடும். வேகமாகத் தள்ளினால் மேலே வந்து தண்ணீரைச் சளசளவென்று அடிக்கும். மாமியார் கூப்பிட்டால் போகிற நடை ஆகாது, மழை வரும்போது துணி எடுக்க ஓடுகிற ஓட்டமும் ஆகாது, இரண்டுக்கும் நடுவில் வேண்டும் என்று சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அதன் பிறகு கரண்டி ஒரே சீராக ஓடியது. மீன்தான் வரவில்லை.

கெடு சனிக்கிழமையும் வந்தது. அரைநாள் பள்ளி முடிந்ததும் ஓடினேன். அம்மன் திருவிழாவுக்கு அன்று சாயங்காலம் காப்புக் கட்டப் போகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். எட்டு நாள் கழித்துக் கிடா வெட்டு. நல்லது என்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அக்கரைக்கும் இக்கரைக்கும் நாலு தடவை போனோம். அக்காவுக்கும் எனக்காக வருத்தம். ஐந்தாவது தடவை பாதி ஏரியில் இருக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. வந்துவிட்டார். தாளும் சட்டைப்பையில் வந்திருக்கும்.

"இன்னும் ஒரு சுத்து, அக்கா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழுகிற குரல்.

தாமரை இலைகளின் ஓரமாக அவள் தெப்பத்தைத் திருப்பினாள். கையில் நரம்பு கனத்தது. பாசிதான் என்று எரிச்சலோடு ஒரு வெட்டு வெட்டினேன். பாசி திருப்பி இழுத்தது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. நரம்பைக் கையில் சுற்றியது தப்பு, அது உள்ளங்கையை அறுத்துவிட்டது. பவுடர் டப்பா தண்ணீரில் விழுந்தது. "வுடாத! வுடாத!" என்று அக்கா கழியைப் போட்டுவிட்டு வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்து, முட்டி வரை தண்ணீர் ஏறியது. கடைசியில் அது மேலே வந்து விழுந்தது. கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, பாம்புத் தலை. வாயோரத்தில் என் கல்யாணக் கரண்டி. நான் சிரித்தேன், அழுதேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு தானும் சிரித்தாள்.

அப்போது ஊர்ப் பக்கமிருந்து மேளம் கேட்டது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"காப்புக் கட்டிட்டாங்க, டீச்சரு."

"கட்டட்டும். வா, வூட்டுக்குப் போய்க் கொழம்பு வைக்கலாம்."

"இன்னா பேசற நீ? காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊருக்குள்ள கவிச்சி வரக்கூடாது. தெரிஞ்சுதான் இன்னிக்குக் கடைசின்னு இவ்ளோ துடிக்கிறன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. எங்கள் டவுனில் காப்புக் கட்டிக்கொண்டவர் மட்டும் விரதம் இருப்பார். மற்றவர்கள் பாட்டுக்குக் கறிக்கடைக்குப் போவார்கள். இங்கே ஒருவர் கையில் கட்டினால் ஊருக்கே கட்டினது மாதிரி. நான் சண்டைக்கு நின்றேன். என் குவார்ட்டர்ஸ் ஊர்க்கோடியில்தானே என்றேன். எல்லைக்கு உள்ளேதான் என்றாள். உயிரோடு குடத்தில் போட்டு வைக்கிறேன், அவருக்குக் காட்டவாவது செய்கிறேன் என்றேன். உயிரோடு இருந்தாலும் கவிச்சி கவிச்சிதான் என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உன் இஷ்டம். ஆனா கொழம்பு வாசம் சொல்லிடும்."

மீன் மூங்கில்மேல் வாலை அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்றுதான் அதைப் பிடித்தேன். அதற்காக இந்த ஊர் கட்டின காப்பையே மீறினால் அப்புறம் எந்த முகத்தோடு இங்கே இருப்பது? முள்ளைக் கழற்றினேன். இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்தேன். ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு இல்லை.

வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். நனைந்த புடவையோடு நடந்ததைச் சொன்னேன். தோளிலிருந்து விரல்நுனி வரை கையை நீட்டி, "இவ்ளோ பெரிசுங்க" என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பக்கத்தில் நின்ற அக்கா நிதானமாகச் சொன்னாள்: "அவ்ளோல்லாம் இல்லீங்க. ஒரு மொழம் இருக்கும். ரெண்டு பேருக்குப் போதும்."

அந்த நிமிஷம் அவர் முகம் மாறியது. நான் சொன்ன மீனை அவர் நம்பவில்லை, அக்கா குறைத்துச் சொன்ன மீனை நம்பினார். அறுபட்டிருந்த என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். ஆனாலும் உரக்கடைக்காரர் அல்லவா? "புடிச்சே, சரி. கொழம்பு எங்க? பேச்சு கொழம்புன்னுதானே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு ராத்திரி வெறும் ரசம்தான் கிடைத்தது.

ரசத்துக்கு நடுவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருந்தவங்க கிடா வெட்டு வரைக்கும் ராத் தங்க வெளிய போவக்கூடாதுங்க. நீங்க பஸ்ஸுல வந்து எறங்கிட்டீங்க. அதனால..." என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் மலை இறங்கினால் மறுநாள் மதியம்தான் ஏறி வர முடியும், ராத்திரி கீழேதான். ஆகவே எட்டு நாளும் அவர் மலையிலேதான். நான் தட்டைப் பார்த்துச் சிரித்தேன். "சிரிக்காத" என்றார். மேலும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கரண்டியைக் கேட்டார். முள்ளைக் கழற்றிவிட்டு இழுத்தால் அது கவிச்சியில் சேராது என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். மூன்று பேரும் தெப்பத்தில் போனோம். முதலில் பாசி பிடித்தார், பிறகு என் முந்தானை. எனக்கு ஆறுதலாக இருந்தது. தாமரை ஓரம் வந்தபோது கரண்டிக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளித்து ஒரு பெரிய அடி விழுந்தது. நரம்பு அவர் விரலைச் சுண்டிவிட்டுத் தளர்ந்தது. "ஏய்! பாத்தியா! பாத்தியா!" என்று ஏரி அதிரக் கத்தினார். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எவ்ளோ பெரிசுங்க?" என்று கேட்டேன்.

தோளிலிருந்து விரல்நுனி வரை காட்டினார்.

மூன்று மணிக்குப் பஸ் வந்தது. கண்டக்டரிடம் எது கொடுத்தாலும் திங்கள் காலையில் உரிய இடத்தில் சேர்த்துவிடுவார். விண்ணப்பத் தாளும் போகலாம், முதலாளிக்கு லீவு லெட்டரும் போகலாம். டிரைவர் டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் கதவோரமாக நின்றேன். மேசைமேல் பரீட்சைக்காக வாங்கி வைத்த வெள்ளைத் தாள் ஒரு கட்டு இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். எட்டு நாள் லீவு.

"வெள்ளைத் தாள் இருக்குதுங்களே" என்றேன்.

"இதுலயும் ஒரு பக்கம் வெள்ளையாத்தானே இருக்குது" என்றார் நிமிராமல்.

நாலாக மடித்துக் கண்டக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடிப்புக்குள்ளே, முன்பக்கத்தில், என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாகவே மலை இறங்கிப் போயிற்று.