ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திய இரம்

இரமுக்குக் காத்திருக்க வராது. நாவலூரில் வேலை முடிந்து திரும்பும்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்றால் போதும், இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவாள். பாதி நாள் அதே ஆட்டோ அவளைத் தாண்டிப் போகும்.

சனிக்கிழமைகளில் மேற்குத் தாம்பரத்தில், அண்ணன் அக்தரின் ஸ்டுடியோவில் இருப்பாள். கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளவைச் சுருக்கி, ஸ்டுடியோ பெயரைப் பதித்து வைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை அவனுக்காக எழுதியிருந்தாள்.

அன்று பஷீரா வந்து உட்கார்ந்திருந்தாள். போன வாரம் நிக்காஹ் ஆனவள்; சாயங்காலம் கணவனோடு மஸ்கட் கிளம்புகிறாள். படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். அசல் படங்கள் அதில் அடங்காது. காலையிலேயே அக்தர் புரோகிராமை ஓட விட்டிருந்தான்; நாலு மணிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிடும்.

இரமுக்கு அந்த வேகம் பொறுக்கவில்லை.

"இந்த லேப்டாப்ல எட்டு கோர் இருக்குண்ணா, எட்டு மூளை மாதிரி, ஒண்ணுதான் வேலை செய்யுது. எட்டெட்டு படமா ஒரே நேரத்துல சுருக்க வெச்சா சீக்கிரம் முடிச்சிடலாம்."

"ஓடுறத ஏன்மா நோண்டுற?"

ஆபீஸில் இப்படிச் செய்து பாராட்டு வாங்கியவள் கேட்பாளா? நிறுத்தினாள். மாற்றி எழுதி, சரிபார்த்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. ஓட விட்டதும் படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது. படங்கள் முன்னைவிட மெதுவாக வந்தன.

எட்டு கோரும் கிட்டத்தட்ட சும்மாதான் இருந்தன. நேரம் போனது சுருக்குவதில் இல்லை, டிஸ்கிலிருந்து படத்தை எடுப்பதில். உள்ளே இருக்கிற முள் எட்டுப் படங்களுக்காக அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. எழுத உட்காரும் முன் ஒரே ஒரு படத்தைச் சோதித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

"லேப்டாப்புக்குக் காப்பி பண்ணிட்டு ஓட்டேன்," என்றான் அக்தர்.

"காப்பி பண்றதும் அதே டிஸ்க்லேருந்துதானே."

பழைய புரோகிராமுக்கே திரும்பினாள். ஆனால் போன நேரம் திரும்பாது. பஷீராவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"நாலு மணிக்குள்ள எல்லாம் முடியாது பஷீரா. என் தப்புதான். எது மொதல்ல வேணும்?"

பஷீராவின் முகம் வாடியது. 

"நிக்காஹ்தான்க்கா. எங்க அத்தா கையெழுத்துப் போடும்போது மூக்கு சிவந்து நிப்பாரு, அது வேணும். அப்புறம் மருதாணி."

இரம் வரிசையை மாற்றி, நிக்காஹ் படங்களை முதலில் வைத்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருதாணிப் படங்களில் கடைசி சில வந்துகொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் அடித்தது. அவை முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி, கழற்றிக் கொடுத்தாள்.

"வலிமா விருந்துப் படங்கள நெட்ல அனுப்பிடறேன்."

"அதுல எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுகினுதான் இருப்பாங்க. மெதுவா அனுப்புங்கக்கா," என்று சிரித்தபடி பஷீரா ஓடினாள்.

வலிமாப் படங்கள் ஓட ஆரம்பித்தன. இரமின் விரல்கள் கீபோர்டுப் பக்கம் நகர்ந்தன.

"தொடாதே," என்றான் அக்தர்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.