தணிகாசலத்தின் தாளில் நான் போட்ட துளைகள்

திருடியவன் நான். திருடன் என்று பெயர் வாங்கியவன் தணிகாசலம். இறைவன் எனக்குச் செய்த உதவியை உங்களிடம் சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். இதை மறைத்துவிட்டு இறையருளை மட்டும் பேசினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு ஐந்தாறு வருடம் முன்பு நாங்கள் இருவரும் புதுச்சேரியில் ஒரே வகுப்பில் படித்தோம். என் அத்தாவுக்கு வில்லியனூரில் துணிக்கடை. தணிகாசலத்தின் அப்பா ஏம்பலத்தில் கரும்பு பயிரிட்டார். அவன் விடியும் முன் ஏம்பலத்திலிருந்து நடந்து வில்லியனூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். அங்கிருந்து இருவரும் ரயிலில் போவோம்.

பிரெஞ்சிலும் கணக்கிலும் நான் முந்தி. தொழில் வரைபட வகுப்பில் அவன் முந்தி. அந்த வகுப்பை நாங்கள் தெஸ்ஸேன் என்போம். ஓர் இயந்திர உறுப்பை மேசைமேல் வைப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, பாதியாக அறுத்தால் உள்ளே எப்படி என்று மூன்று படங்களை அளவு பிசகாமல் போட வேண்டும். அறுத்த படம் மட்டும் எனக்கு வரவே வராது.

"இதுக்குப் போயி ஏன்டா பாய் முழிக்கிற? நுங்கு சீவினா உள்ள மூணு கண்ணு தெரியுதுல்ல? அந்த மாதிரி இந்த இரும்பயும் மனசுல சீவிப் பாரு" என்பான்.

"எனக்கு நுங்குதான்டா தெரியுது. எச்சில் ஊறுது."

"அப்ப தின்னுட்டு வந்து போடு."

கடைசி வருடம் தண்ணீர்க் குழாய் வால்வு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நன்றாக வரைகிறவனைப் பொதுப்பணி அலுவலகத்தில் வரைவாளர் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எங்களுக்கு தெஸ்ஸேன் எடுத்த முசியே அந்த வருடம்தான் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

தணிகாசலம் பென்சில் வேலையை முதலில் முடித்தான். அடுத்து சீன மையால் கோடுகளின் மேல் இழுக்க வேண்டும். அதற்குள் வீட்டில் கரும்பு வெட்டு வந்துவிட்டது. இரண்டு நாள் அவன் வரவில்லை. தாள்களெல்லாம் வகுப்பு அலமாரியில் இருந்தன. சாவி, வகுப்புத் தலைவனான என்னிடம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, அவன் தாளை எடுத்து என் வெற்றுத் தாளின்மேல் வைத்தேன். ஒவ்வொரு மூலையிலும், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் கவராயத்தின் ஊசியை அழுத்தினேன். கீழே இருந்த என் தாளில் அத்தனை புள்ளிகளும் இறங்கின. பிறகு அளவுகோலை வைத்துப் புள்ளிகளை இணைப்பதுதான் வேலை. இரண்டு நாளில் மையும் போட்டு முடித்தேன்.

மூன்றாம் நாள் தணிகாசலம் வந்து மை போட உட்கார்ந்தான். பின்னால் வந்து நின்ற முசியே அவன் தாளில் துளைகளைப் பார்த்தார். என் தாளிலும் பார்த்தார். அதில் துளைகளுக்குள் மை இறங்கிக் கரும்புள்ளிகளாக இருந்தது. எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளைகள் மயிரிழை தவறாமல் பொருந்தின. முடிந்த படம் என்னுடையது. பாதியில் நிற்பது அவனுடையது. அவன்தான் பார்த்து எடுத்திருக்கிறான் என்று அவர் முடிவு செய்தார்.

கோபம் வந்தால் தணிகாசலத்துக்கு பிரெஞ்சு வராது. தமிழில் கத்தினான்.

"முசியே, ஓட்டைய தடவிப் பாருங்க! மேல இருந்த தாள்லதான் ஓட்ட பெருசா இருக்கும். என்னுதுதான் பெருசு! என் தாளு மேல இருந்துது, அவன் தாளு கீழ இருந்துது. சொல்லுடா பாய், சொல்லுடா!"

முசியே என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார்.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "புத்தி கெட்டுச் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்கிறான்."

அந்த அளவு பிரெஞ்சு அவனுக்குப் புரியும். அப்படியே நின்று என்னைப் பார்த்தான். அடுத்த நொடி மேசையை அடித்து "இல்ல! இல்ல!" என்று கத்தினான். முசியே அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அன்றே அவனைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் கும்பிட்டார். போகும்போது என் தோளில் கைவைத்து, "நீ நல்ல புள்ள தம்பி. எம்புள்ளதான் இப்டி திருடனா போயிட்டான்" என்றார். நான் தலையாட்டினேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல வேலை. தணிகாசலம் கரும்புக் கொல்லையில் வேலை செய்தான். ஊரில் கேலி தாங்காமல், யுத்தம் தொடங்கும் சமயத்தில் ஓர் உறவினரோடு கப்பலேறி சைகோனுக்குப் போய், அங்கே ஒரு கிடங்கில் காவல் வேலையில் சேர்ந்தான். சண்டை அந்தப் பக்கமும் பரவியது. ஜப்பான்காரன் சைகோனுக்குள் வந்துவிட்டான் என்றார்கள். கடிதம் நின்றுபோனது.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிவாசலில் ஆலிம் பேசினார். இறைவனுக்குச் செய்த பாவத்தை இறைவன் மன்னிப்பான், ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் அல்லவா முதலில் மன்னிக்க வேண்டும் என்றார். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்று தொழுது முடித்து எழ முடியவில்லை. அவன் அங்கேயே செத்துப்போனால் நான் யாரிடம் போவேன்? அலுவலகத்தில் கவராயத்தை எடுத்தாலே கை கூசியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஒரே துஆ: "யா அல்லாஹ், தணிகாசலத்தை உயிரோடு கொண்டுவந்து என் முன்னால் நிறுத்து. அவனிடம் நான் சொல்லிவிடுகிறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அத்தாவின் கடையில் இருப்பேன். தணிகாசலத்தின் அப்பா ஏம்பலத்திலிருந்து வருவார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

"தம்பி, பேப்பர்ல சைகோன பத்தி இன்னா போட்டுக்குது? படிச்சிச் சொல்லு."

படித்துச் சொல்வேன். கெட்ட செய்தியாக இருந்தால் மாற்றிச் சொல்வேன். மாற்றிச் சொல்வது எனக்குப் பழக்கம்தானே.

"அவன் திருடனாவே இருந்துட்டுப் போறான் தம்பி. வூடு வந்து சேந்தா போதும்" என்பார். பேப்பரை மடித்து வைப்பேன். உண்மையை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். யுத்தம் முடிவதற்கு முன் அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஏம்பலத்து வண்டிக்காரர் ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தாமலே கத்திக்கொண்டு போனார். "பாய், சேதி தெரியுமா? தணிகாசலம் வந்துட்டான்! எலும்பும் தோலுமா வந்துகிறான். ஆனா உசுரோட வந்துட்டான்!"

நான் துணி மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தேன். ஆறு வருடத் துஆ. கடல் தாண்டி, குண்டு தாண்டி, பசி தாண்டி அவனை இறைவன் கொண்டுவந்துவிட்டான்.

அன்றே ஏம்பலம் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா பக்கத்தில் இருந்தார். இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். துளை போட்டதைச் சொன்னேன். முசியேவிடம் மாற்றிச் சொன்னதைச் சொன்னேன்.

அவன் கஞ்சியைக் குடித்து முடித்தான்.

"இன்னாத்துக்கு இப்ப வந்த?"

"மன்னிப்புக் கேட்க."

"எனக்கு முன்னாடியே தெரியுமே பாய். தெரியாதவங்களுக்குச் சொல்லு."

சொன்னேன். அந்த வாரமே ஏம்பலத்துக் கோயில் முன்னால் ஊர்க்காரர்களைக் கூட்டி நின்று சொன்னேன். "துணிக்கடை பாயி வூட்டுப் புள்ளையா இப்டி?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாம்" என்றேன். பள்ளிக்கு எழுதினேன். முசியே எப்போதோ ஊருக்குத் திரும்பியிருந்தார். பதில் வரவில்லை. அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். அந்த இடத்துக்குத் தணிகாசலத்தை எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். வயது தாண்டிவிட்டது என்றார்கள். அவனிடம் வந்து சொன்னபோது சிரித்தான்.

"வுடு. பத்துப் பன்னண்டு வருஷமா கரும்பும் பூட்டும்தான் என் கையில. நேர்கோடு வருமா இப்ப?"

அவன் அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. ஒரு முறைதான் பேசினார். "அவரு காதுல வுழாம போச்சேப்பா" என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நான் விடாமல் தணிகாசலத்திடம் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல் என்று. கரும்புக் கொல்லை வரப்பில் நின்றுகொண்டு அவன் சொன்னான்:

"என்னுத வுட்டுட்டேன் பாய். நெஜமா வுட்டுட்டேன். எங்கப்பனுத நான் எப்டி வுட முடியும்? அது அவரு வுடணும்."

அதன் பிறகு அவன் சாகும்வரை, வில்லியனூர் வந்தால், வேலையை விட்டபின் நான் பார்த்துவந்த அத்தாவின் கடையில் டீ குடிக்காமல் போனதில்லை. அலுவலகத்தில் வாங்கிய பாராட்டெல்லாம் சேர்ந்தாலும் அந்த டீக்கு ஈடாகாது. இதைத் தந்தவன் இறைவன். அல்ஹம்துலில்லாஹ்.

அன்பானவர்களே, கேளுங்கள். கேட்டால் தருகிறவன் இருக்கிறான், நான் அதற்குச் சாட்சி. ஆனால் யாருக்காவது அநியாயம் செய்திருந்து, நீங்கள் பேச வேண்டிய மனிதர் நடந்து போகிற தூரத்தில் இருந்தால், கையேந்துவதோடு நிற்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கடலுக்கு அப்பால் இருந்தவனைத் தா என்று நான் ஆறு வருடம் அழுதேன். தந்தான். அதில் நாலு வருடம் அவன் அப்பா ஞாயிறுதோறும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.